நாற்பது வயதில் புள்ளியியல்: எந்த நூலை எடுப்பது?

பட்டம் பெற்றுப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகிவிட்ட நம் முன்னாள் மாணவர்கள் பலரிடம் ஓர் ஏக்கத்தைக் காண்கிறேன். விற்பனை அறிக்கை, தரச் சோதனை, ஊழியர் கருத்தாய்வு என எதைப் புரட்டினாலும் சராசரியும் விழுக்காடுமாகவே இருக்கின்றன. அறிக்கையைத் தயாரிப்பவர் இளையவர், கையொப்பமிடுபவர் நாம். அந்த எண்கள் உண்மையில் என்ன சொல்கின்றன என்று கேட்கத் தெரியாமல் கையொப்பமிடலாமா?

ஆகவே புள்ளியியலை மீண்டும் கற்க நினைப்பது நல்ல முடிவு. ஆனால், நூலைத் தேர்ந்தெடுக்கும்போதே பலரின் முயற்சி முடங்கிவிடுகிறது. நேரமின்மை மட்டுமல்ல, கௌரவமும் இதற்குக் காரணம் என்பேன். மேலாளராக இருப்பவர் முதலாம் ஆண்டு நூலைக் கையில் எடுக்கக் கூச்சப்படுகிறார். கனமான நூலை வாங்கி அலமாரியில் வைக்கிறார்.

லாரி வாசர்மேன் 2004இல் வெளியிட்ட 'ஆல் ஆஃப் ஸ்டாடிஸ்டிக்ஸ்' சிறந்த நூல்தான். ஆனால், அது நுண்கணிதம் கைவசம் உள்ளவர்களுக்கானது. எஸ்பிஎம் கூடுதல் கணிதத்தோடு அதை மறந்தவர்கள் சில பக்கங்களிலேயே திணறுவார்கள். 2013இல் வந்த 'அன் இன்ட்ரொடக்‌ஷன் டு ஸ்டாடிஸ்டிகல் லேர்னிங்' நூலை அதன் ஆசிரியர்களே இணையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். அதுவும் அடிப்படைப் புள்ளியியலை ஒரு முறையாவது படித்தவர்களுக்குத்தான் அறிமுக நூல்.

தரக்கட்டுப்பாட்டுத் துறையில் பணியாற்றிக்கொண்டே இரவு நேரங்களில் படித்து முடித்தவன் என்ற முறையில், ஃப்ரீட்மன், பிசானி, பர்வ்ஸ் மூவரும் எழுதிய 'ஸ்டாடிஸ்டிக்ஸ்' நூலைப் பரிந்துரைக்கிறேன். 1978இல் வெளிவந்த அது, 2007இல் நான்காம் பதிப்பைக் கண்டது. சூத்திரங்கள் குறைவு, சிந்தனை அதிகம். 1954ஆம் ஆண்டின் போலியோ தடுப்பூசிச் சோதனையோடு நூல் தொடங்குகிறது. அடுத்து, பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்புச் சேர்க்கையை ஆராய்கிறது. 1973இல் விண்ணப்பித்த ஆண்களில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 35 விழுக்காட்டினருக்கும் அங்கு இடம் கிடைத்தது. பெண்களுக்கு அநீதி என்றே தோன்றும். துறைவாரியாகப் பிரித்துப் பார்த்தால் அந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது; இடம் கிடைப்பது அரிதான துறைகளுக்கே பெண்கள் அதிகமாக விண்ணப்பித்திருந்தனர். இதைப் படித்தவர், இரண்டு கிளைகளை ஒப்பிடும் அறிக்கை மேசைக்கு வந்தால், "பிரித்துக் காட்டுங்கள்" என்று கேட்பார். நமக்கு வேண்டியது அந்தக் கேள்விதான்.

இதே நூலைத்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. ஆனால், வாங்கும் முன் நூலகத்தில் அமர்ந்து இரண்டைப் பாருங்கள். பயிற்சிகளுக்கு விடை பின்னால் உள்ளதா? ஆசிரியரின்றிப் படிப்பவருக்கு அந்தப் பக்கங்களே ஆசிரியர். முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு அதன் பயிற்சிகளைத் துணையின்றிச் செய்ய முடிகிறதா? முடியவில்லை என்றால், நூல் எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் இப்போதைக்கு அது உங்களுக்கானதல்ல. ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகு, முடிக்கும்வரை வேறு நூலைத் தேடாதீர்கள்.

இன்று பல்கலைக்கழகத்தில் பயிலும் தம்பி தங்கையருக்கு ஒரு வேண்டுகோள். தேர்வு முடிந்ததும் முதலாம் ஆண்டுப் புள்ளியியல் நூலை விற்றுவிடாதீர்கள். உங்கள் அண்ணன்மாரும் அக்காமாரும் அதைக் கேட்டு வந்தால், கூச்சமின்றிக் கேட்கும்படி கொடுங்கள். முடிந்தால் கூடவே அமர்ந்து சொல்லியும் கொடுங்கள். இளையவரிடம் கற்பதில் மூத்தவருக்கு எந்தக் குறைவும் இல்லை.