இரவல் மண்ணில் எழுந்த கழகம்

பிற்பகல் மழை ஓய்ந்ததும், இராகலையில் தேயிலை மலைகளுக்கிடையே கிடக்கும் சிறு சமநிலத்தை நோக்கி நம் மாணவர் ஓடுவர். சென்ற வாரம் அவர்களுள் இருவர் நம்மிடம் ஒரு வழக்கைக் கொண்டுவந்தனர். உதைபந்தாட்டக் கழகம் ஒன்று தொடங்க வேண்டுமாம். ஆனால் அதற்கு இரு தடைகள் உளவாம்.

"நாங்கள் ஆடும் இடம் தோட்டத்துக்குச் சொந்தம், சேர். கேட்டுத்தான் ஆட வேண்டும். சொந்த மைதானம் இல்லாமல் கழகம் எதற்கு?" என்றான் ஒருவன். "அடுத்த தோட்டத்துப் பையன் ஒருவன் நன்றாக ஆடுகிறான். வெளியாளைச் சேர்த்துக்கொண்டால் அது எப்படி எங்கள் கழகமாகும்?" என்றான் மற்றவன்.

இவ்விரு வினாக்களுக்கும் கொல்கத்தா நகரின் 'ஈஸ்ட் பெங்கால்' கழகத்தின் வரலாற்றில் விடை இருக்கின்றது. அவர்களுக்குச் சொன்னதையே வாசகர்க்கும் சொல்லுகின்றோம்.

1920ஆம் ஆண்டில் ஜோராபாகன் என்னும் கழகம், மோகன் பகான் கழகத்துடன் ஆடவிருந்த ஆட்டத்துக்குச் சைலேஷ் போஸ் என்ற வீரரைச் சேர்க்காது விட்டது. அவர் கிழக்கு வங்கத்தவர். இதனைப் பொறாத அக்கழகத்தின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌதுரி, அதனின்றும் விலகினார். கிழக்கு வங்கத்து அன்பர் சிலருடன் கூடி, அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்திலேயே புதிய கழகத்தைத் தோற்றுவித்தார். 'நீ வெளியூரான்' என்ற புறக்கணிப்பே அக்கழகத்துக்கு வித்தாயிற்று.

1947இல் வங்கம் இரண்டாகப் பிரிந்தது. வீட்டையும் வயலையும் விட்டுக் கிழக்கிலிருந்து வந்த இலட்சக்கணக்கான மக்கள் கொல்கத்தாவில் ஏதிலிகளாயினர். பிறந்த ஊர் வேற்று நாடாகிவிட்டது. வந்த ஊரோ அவர்களை அந்நியராய் நோக்கியது. அந்நிலையில், இழந்த ஊரின் பெயரைத் தாங்கி நின்ற இக்கழகமே அவர்கட்கு ஆறுதலாயிற்று. செந்நிறமும் பொன்னிறமும் கலந்த அதன் கொடி வென்ற நாளில், ஏழை வீட்டிலும் ஹில்சா மீன் மணக்கும்.

அக்கழகத்தின் ஆடுகளம் எத்தகையது? நகரின் நடுவே, வில்லியம் கோட்டையைச் சூழ்ந்து பரந்த புல்வெளி ஒன்றுண்டு. 'மைதான்' என்பது அதன் பெயர். அங்கேதான் கழகத்தின் களமும் பார்வையாளர் படிவரிசைகளும் உள்ளன. அந்நிலமோ கழகத்துக்குச் சொந்தமானதன்று. இந்தியப் படைக்கு உரியது. இரவல் மண்ணில் நின்றே அக்கழகம் நூறாண்டைக் கடந்துவிட்டது.

இனி, இரண்டாவது வினாவுக்கு வருவோம். ஏதிலிகள் நெஞ்சில் வைத்துப் போற்றிய வீரர் எந்நாட்டவர்? வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே என்னும் முன்னணி ஆட்டக்காரர் ஐவரையும் வங்கத்தார் 'பஞ்ச பாண்டவர்' என்றனர். ஐவரும் தென்னாட்டவர், அவருள் இசுலாமியரும் இருந்தனர். 1949, 1950, 1951 ஆகிய மூன்றாண்டுகளும் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. கேடயம் இக்கழகத்துக்கே கிடைத்தது. பந்தைத் தம் காலுக்குப் பணியவைத்த அகமது கானைப் பாம்பாட்டி என்றே அழைத்தனர். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோசுலாவியாவிடம் இந்தியா 10–1 எனத் தோற்றபோது, அந்த ஒரு கோலை அடித்தவரும் அவரே.

அவர்கட்குப் பின் வந்தவர் துளசிதாஸ் பலராமன். செக்கந்தராபாத்துக்கு அருகே அம்முகுடா என்னும் சிற்றூரில், எளிய தமிழ்க் குடும்பத்தில் 1936இல் பிறந்தவர். 1957இல் இக்கழகத்தில் சேர்ந்து, 1961இல் அதன் தலைவரானார். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை 2–1 என வென்று தங்கம் பெற்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார். நுரையீரற் பிணி இளமையிலேயே ஆட்டத்தை நிறுத்திவிட்டது. ஆயினும் அவர் வங்கத்திலேயே தங்கி, 2023இல் அங்கேயே மறைந்தார். வேற்றூரான் என்று எவர் அவரைச் சொல்ல இயலும்?

மலைநாட்டுப் பிள்ளை ஒருவனின் கதையும் உண்டு. சிக்கிம் மலைகளில் உழவர் குடியிற் பிறந்த பாய்ச்சுங் பூட்டியா, பதினாறு வயதில் இக்கழகத்துக்கு வந்தார். 1997 ஜூலை 13ஆம் நாள், சால்ட் லேக் அரங்கில் 130,000க்கும் மேற்பட்டோர் பார்த்திருக்க, மோகன் பகானை இக்கழகம் 4–1 என வென்றது. அவற்றுள் மூன்று கோல்கள் அம்மலைநாட்டு இளைஞர் அடித்தவை.

'வெளியார்' என்ற சொல்லின் சுமையை நம் மலையக மக்கள் அறியாதவரல்லர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம் முன்னோரை நாடற்றவராக்கிற்று. மூன்று தலைமுறை உழைத்த மண்ணில், லயத்து வாசல் கூட அவர்கட்குச் சொந்தமாயிருந்ததில்லை. அச்சொல்லால் நொந்த குடியிற் பிறந்த பிள்ளைகள், ஒரு மலைக்கு அப்பால் வாழும் பிள்ளையை அதே சொல்லால் விலக்கலாமா? நிலவுரிமை வேண்டும், அதனைக் கேட்பதும் முறையே. ஆனால் அது வரும்வரை ஒற்றுமையைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் கேட்ட மாணவர் இருவரும் ஒன்றும் பேசாமற் சென்றனர். இரண்டு நாள் கழித்து, ஞாயிறுதோறும் களத்தைப் பயன்படுத்த அனுமதி வேண்டித் தோட்டத் துரைக்கு எழுதிய விண்ணப்பம் ஒன்றைத் திருத்தித் தரும்படி நம்மிடம் நீட்டினர். எழுத்துப் பிழைகளைத் திருத்தினோம். கீழே பதினொரு கையொப்பங்கள் இருந்தன; கடைசிக் கையொப்பம் அடுத்த தோட்டத்துப் பையனுடையது.