படம் எப்படிண்ணே?

தியேட்டர் கேட்டைத் தாண்டி நாலு எட்டு வைப்பதற்குள் இந்தக் கேள்வி வந்து விழுந்துவிடும். அடுத்த காட்சிக்கு வரிசையில் நிற்கிறவர், பைக் ஸ்டாண்டில் டோக்கன் கிழிக்கிறவர், வாசலில் கடலை விற்கிறவர்... யாராவது ஒருத்தர் கேட்டே தீருவார். எங்கள் தேனிப் பக்கத்தில் இதற்கு மொத்தம் நாலே பதில்கள்தான். ஒன்று, 'நல்லாருக்கு'. இரண்டு, 'பார்க்கலாம்'. மூன்று, 'சுமார்'. நாலு, வாயே திறக்காமல் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவது.

இதில் ரொம்ப ஆபத்தானது மூன்றாவது. நாலாவதுகூடப் பரவாயில்லை. 'அப்படி என்னத்தத்தான்யா எடுத்து வெச்சிருக்கான்' என்று ரெண்டு பேராவது உள்ளே நுழைவார்கள். 'சுமார்' என்று சொல்லிவிட்டால் முடிந்தது கதை. திட்டவும் ஆள் வராது.

ஒரு படத்தின் ஜாதகம் வெள்ளி முதல் ஞாயிறு வரை மூன்றே நாளில் எழுதப்பட்டு விடுகிறது. திங்கட்கிழமை காலைக் காட்சியில் ஆட்களைவிட ஃபேன்கள் அதிகமாக இருந்தால், நாலு காட்சி ரெண்டாகும். ரெண்டு ஒன்றாகும். அடுத்த வெள்ளிக்கிழமை வேறு போஸ்டர் ஒட்டியிருக்கும். பெரிய ஹீரோ படத்துக்கு முன்பதிவிலேயே பாதி காசு வந்துவிடும். சின்னப் படத்துக்கு நம்ம வாய்தான் போஸ்டர், நம்ம வாய்தான் டிரெய்லர். அதனால்தான் இந்த ஒரு வரி அபிப்பிராயத்தை நான் கொஞ்சம் பயபக்தியோடு சொல்லி வருகிறேன்.

'சினிமாவுக்கு அபிப்பிராயம் சொல்ல நீர் யார்?' என்று மதுரைக்காரர்கள் கேட்கக்கூடும். ஐயா, எங்களுக்கு அந்தப் பாத்தியதை உண்டு! பாரதிராஜா அல்லிநகரம். இளையராஜா பண்ணைப்புரம். வைரமுத்து வடுகபட்டி. பாலா பெரியகுளம். ஒரு மாவட்டத்திலிருந்து இத்தனை பேரை அனுப்பி வைத்திருக்கிறோம். இதில் வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டுக்கே கிராமத்தைக் காட்டிய '16 வயதினிலே' (1977) எடுக்கப்பட்டது எங்கள் பக்கம் இல்லை. கர்நாடகத்தில், கொள்ளேகால் பக்கம். ஆட்களை நாங்கள் கொடுத்தோம், வயல் வரப்பைக் கர்நாடகம் கொடுத்தது!

சரி, 2024, 2025-ல் அடியேன் டிக்கெட் வாங்கி, ஸ்கிரீனுக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்த சில படங்கள்:

மஞ்ஞும்மல் பாய்ஸ் (பிப்ரவரி 2024)

மலையாளப் படம். டப்பிங் கிடையாது. ஆனாலும் அதுவரை எந்த மலையாளப் படமும் தமிழ்நாட்டில் ஓடாத ஓட்டம் ஓடியது. கொடைக்கானல் குணா குகையில் ஒருத்தன் விழுந்துவிடுகிறான், நண்பர்கள் விட்டுவிட்டுப் போக மறுக்கிறார்கள். 2006-ல் நிஜமாகவே நடந்தது. பெரியகுளத்தில் நின்று தலையைத் தூக்கினால் தெரிகிற மலை அது. பையனைத் தூக்கி மேலே கொண்டு வருகிற இடத்தில் 'குணா' (1991) பாட்டு வந்தது பாருங்கள்... தியேட்டரில் எழுந்த சத்தத்தில் எனக்கு முன் சீட்டுக்காரர் பாப்கார்னைப் பக்கத்து சீட்டுக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார். பண்ணைப்புரத்துப் பாட்டு, கொச்சிக்காரன் படத்தில், தமிழன் கைதட்டல். பாஷை தெரியாதே என்று கேட்ட என் சித்தப்பாவிடம், "கயிறு எந்த பாஷைல இருந்தா என்ன சித்தப்பா?" என்றேன். போய்விட்டு வந்தார். 'நல்லாருக்கு.'

மகாராஜா (ஜூன் 2024)

விஜய் சேதுபதியின் ஐம்பதாவது படம். ஒரு சலூன்காரர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், குப்பைத் தொட்டி திருடு போய்விட்டது என்று புகார் கொடுக்கிறார். சிரித்துக்கொண்டே உள்ளே போனவர்கள் கடைசியில் கப்சிப். சின்ன வேஷத்தில் நம்ம அல்லிநகரத்துக்காரரும் தலைகாட்டுகிறார். என் பக்கத்தில் இருந்த பெரியவருக்கு அது போதுமாக இருந்தது.

விஜய் சேதுபதி கதாநாயகனாக வந்த முதல் படம், எங்கள் சீமையில் நடக்கிற கதை. சீனு ராமசாமியின் 'தென்மேற்கு பருவக்காற்று'. 2010 டிசம்பரில் வந்தது. 2011 மே மாதம் அதற்கு மூன்று தேசிய விருதுகள்: சிறந்த தமிழ்ப் படம், சரண்யாவுக்கு நடிப்பு, வைரமுத்துவுக்குப் பாட்டு. செய்தியைப் படித்துவிட்டு எல்லோரும் 'பார்க்கணுமே' என்று கிளம்பினார்கள். எங்கே போய்ப் பார்ப்பது? படம் தியேட்டரை விட்டுப் போய் மாசக் கணக்காகிவிட்டது.

வாழை (ஆகஸ்ட் 2024)

இதற்கு மட்டும் ரெண்டு வரி கூடுதலாகச் சொல்ல அனுமதி வேண்டும்.

மாரி செல்வராஜின் சொந்தக் கதை. தூத்துக்குடிச் சீமையில், லீவு நாளில் வாழைத்தார் சுமக்கப் போகிற ஒரு பள்ளிக்கூடத்துப் பையன். முதல் பாதியில் ரஜினி - கமல் சண்டை, டீச்சர் மேல் பிரியம் என்று தியேட்டர் விழுந்து விழுந்து சிரித்தது. கடைசியில், தார் ஏற்றிய லாரி மேலேயே ஆட்களையும் ஏற்றி அனுப்புகிறார்கள். லாரி கவிழ்கிறது.

இந்தப் படத்தைச் சென்னையில் பார்ப்பது வேறு, கம்பம் பள்ளத்தாக்கில் பார்ப்பது வேறு. கம்பம், சின்னமனூர் பக்கம் போனால் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் வாழைதான். அது போகட்டும். விடிவதற்கு முன்னால் கம்பம், கூடலூர், போடி ரோடுகளில் நின்று பாருங்கள். கையில் தூக்குச்சட்டியோடு பெண்கள் ஜீப்புக்குக் காத்திருப்பார்கள். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலை. ஜீப்பில் எத்தனை பேர் உட்காரலாம் என்பதற்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு கணக்கு, ஜீப்புக்காரரிடம் ஒரு கணக்கு. கொண்டை ஊசி வளைவுக்கு ரெண்டு கணக்கும் தெரியாது.

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். யாரும் சட்டென்று எழுந்திருக்கவில்லை. பின்னால் ஒரு அம்மா, யாரிடமும் சொல்லாமல், "இம்புட்டுத்தேன் நம்ம உசுரு" என்றது. எந்தப் பத்திரிகை விமர்சனத்திலும் நான் இப்படி ஒரு வரி படிக்கவில்லை.

லப்பர் பந்து (செப்டம்பர் 2024)

கிரிக்கெட் படம். லார்ட்ஸ் மைதானம் இல்லை, அறுத்துப் போட்ட வயல். மாமனாராக வரப்போகிறவர் பேட்ஸ்மேன், மருமகனாக வரப்போகிறவன் பௌலர். இதைவிட ஒரு குடும்பச் சிக்கல் வேண்டுமா? தினேஷ் மட்டையைத் தூக்கும்போதெல்லாம் 'பொன்மனச் செல்வன்' (1989) விஜயகாந்த் பாட்டு. அவர் மறைந்து (டிசம்பர் 2023) ஒரு வருஷம்கூட ஆகவில்லை. விசில் அடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களை என் கண்ணால் பார்த்தேன். டீமில் யாரைச் சேர்ப்பது, யாரைச் சேர்க்காமல் விடுவது என்பதில் ஜாதி எப்படிச் சத்தமில்லாமல் அம்பயர் வேலை பார்க்கிறது என்பதையும் படம் சொல்கிறது. எங்கள் ஆபீஸ் கிரிக்கெட் டீம் மொத்தமும் போய்ப் பார்த்தது. மறுநாள் டீமைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நல்ல அறிகுறி.

மெய்யழகன் (செப்டம்பர் 2024)

கல்யாண வீட்டில் ஒருத்தர் வந்து தோளில் கை போட்டு, "என்னத் தெரியுதா?" என்பார். நமக்குத் தெரியாது. ஆனால் "தெரியாமயா!" என்போம். இந்த ஒரு அவஸ்தையை வைத்துக்கொண்டு கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் படம் எடுத்திருக்கிறார் பிரேம்குமார். அரவிந்த்சாமியும் கார்த்தியும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். தஞ்சாவூர் ராத்திரி, பழைய வீடு, பழைய சைக்கிள்.

'இழுவை' என்று முதல் நாளே ஒரு பேச்சு கிளம்பியது. ஓடிக்கொண்டிருந்த படத்திலேயே பதினெட்டு நிமிஷம் போல வெட்டினார்கள். ஒரு மாசத்தில் ஓடிடிக்கு வந்தது. அப்புறம் பாருங்கள் கூத்தை! 'அடடா, இப்படி ஒரு படமா!' என்று ஊரெல்லாம் போன் பண்ணி அழுதார்கள். எங்கள் செக்ஷனில் ஒருத்தர் என்னிடமே வந்து, "நீங்க ஏன் சொல்லலை?" என்று கோபித்துக்கொண்டார். சொன்னேன் சார்! "தியேட்டர்ல யார் போய் மூணு மணி நேரம் உக்கார்றது" என்றது நீங்கள்தான்!

டூரிஸ்ட் ஃபேமிலி (மே 2025)

இலங்கையில் வாழ வழியில்லாமல் படகேறி வருகிற ஒரு தமிழ்க் குடும்பம். சென்னைக் காலனியில் குடியிருக்கிறது. பேச்சு வித்தியாசமாக இருக்கிறதே என்று கேட்டால், 'கேரளா' என்று சமாளிக்கிறார்கள். எங்கள் கம்பத்தில் வந்து இந்தப் பொய்யைச் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷம் தாங்காது. குமுளி இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். "கேரளாவுல எங்க? கட்டப்பனையா, நெடுங்கண்டமா?" என்று டீக்கடையிலேயே பிடித்திருப்பார்கள். பிடித்துவிட்டு, டீயும் வாங்கிக் கொடுத்திருப்பார்கள். சசிகுமார், சிம்ரன். ஆட்டமில்லை, வெட்டுக்குத்து இல்லை. டைரக்டர் அபிஷன் ஜீவிந்துக்கு முதல் படம். வாய்வழியாகவே பரவி வாரக்கணக்கில் ஓடியது. 'நல்லாருக்கு' என்கிற ஒரு வார்த்தைக்கு இருக்கிற தெம்பு அது.

*

இப்போது இதே வாயால் என்ன கெட்டுப் போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் பழைய படம்.

2018 ஆகஸ்ட் 24. 'மேற்குத் தொடர்ச்சி மலை' ரிலீஸ். லெனின் பாரதி டைரக்ஷன், விஜய் சேதுபதி தயாரிப்பு, இளையராஜா இசை, தேனி ஈஸ்வர் கேமரா. கர்நாடகத்தில் போய் எடுத்த கிராமம் இல்லை. எங்கள் மலை, எங்கள் ஆட்கள், எங்கள் ஏலக்காய் மூட்டை. மலைக்கும் ஊருக்கும் சுமை தூக்குகிற ரங்கசாமி, ஒரு துண்டு நிலம் வாங்கிவிட வேண்டும் என்று வருஷக்கணக்கில் காசு சேர்க்கிறான். வாங்கியும் விடுகிறான். அப்புறம் விதைக் கடன், உரக் கடன். நிலம் கையை விட்டுப் போகிறது. அதே மண்ணில் காற்றாலை நிற்கிறது. அதற்கு அவனே காவல்காரன், யூனிஃபாரத்தோடு.

பத்திரிகைகள் தூக்கி வைத்துக் கொண்டாடின. வசூல் அந்த அளவுக்கு வரவில்லை. முதல் நாள் பார்த்துவிட்டு வந்த ஆபீஸ் நண்பர் டீக்கடையில் சொன்ன விமர்சனம் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது: "சுமார்ப்பா. டாக்குமெண்டரி மாதிரி இருக்கு. நம்ம ஊரைத்தான் தெனம் பாக்கறமே, அதுக்கு எதுக்குக் காசு?" பெஞ்சில் ஏழு பேர் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குக் கிளம்பத் தயாராக இருந்தவர்கள். ஏழு பேரும் போகவில்லை. அந்த ஏழு பேரில் மூன்று பேர் வீட்டில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிற ஆள் உண்டு.

நம்ம ஊரைத் தினமும் பார்க்கிறோம் என்பது உண்மையா? நானும் பல வருஷமாக அந்தக் காற்றாலைகளைத் தாண்டித்தான் போய் வருகிறேன். 'அழகாச் சுத்துதே' என்பதற்கு மேல் ஒன்றும் தோன்றியதில்லை. படத்துக்கு அப்புறம், ஒவ்வொன்றின் அடியிலும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிற மனுஷன்தான் முதலில் கண்ணில் படுகிறான். இந்த நிலம் முன்னே யாருடையது என்று மனசு கேட்கிறது. இதற்குக் கொடுத்த டிக்கெட் காசு தண்டம் என்றால், நான் வாழ்க்கையில் செலவு பண்ணிய எல்லாமே தண்டம்தான்.

பிடிக்காத படத்தை நல்லா இருக்கு என்று சொல்லச் சொல்லவில்லை. பிடிக்கவில்லை என்றால், 'ரெண்டாவது பாதி இழுவை', 'வில்லன் சொதப்பல்' என்று காரணத்தோடு திட்டுங்கள். திட்டிய படத்துக்குக்கூட நாலு பேர் சரிபார்க்கப் போவார்கள். பெரிய ஹீரோ படம் எப்படியும் பிழைத்துக்கொள்ளும். உங்களைப் போலவும் என்னைப் போலவும் இருக்கிறவன் கதைக்கு நாம்தான் ரசிகர் மன்றம். அந்த மன்றத்துக்குக் கொடியும் இல்லை, கட் அவுட்டும் இல்லை. மூன்றே நாள்தான் ஆயுள்.

ஆகவே, ஆபீஸ் லஞ்ச் டைமில் யாராவது டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே "படம் எப்படிண்ணே?" என்று கேட்டால், அந்த நாலோடு ஐந்தாவதாக இதையும் வைத்துக்கொள்ளுங்கள்:

"நீயே போய்ப் பாரு மாப்ள. திங்கட்கெழமைக்குள்ள."