பேய் யாருடைய ஆவி?

பேய் என்றதும் இன்று நமக்கு நினைவுக்கு வருவது இறந்தவரின் ஆவி. தூக்கிட்டுக்கொண்டவர், பிள்ளைப்பேற்றில் மாண்டவள், ஆசை தீராமல் போய்ச் சேர்ந்தவர் என்று ஊருக்கொரு கதை உண்டு. இந்தப் பொருள் அந்தச் சொல்லின் பிறப்பிலேயே இருந்ததா என்பதில் எனக்கு ஐயம்.

சங்கப் பாடல்களின் பேய்மகளிர் போர்க்களத்தில் திரிகிறார்கள், பிணம் தின்கிறார்கள். அங்கே இறந்து விழுந்த வீரன் நடுகல்லாகி வழிபடப்படுகிறானே தவிரப் பேயாவதில்லை. கலிங்கத்துப்பரணியிலும் பேய்கள் கூழ் சமைத்து உண்பவை. மாண்ட படைதான் அவற்றுக்கு உணவு. காரைக்கால் அம்மையார் இன்னும் வலுவான சான்று. பெரியபுராணத்தின்படி, அவர் உயிரோடிருக்கும்போதே தசையை உதறிப் பேய் வடிவம் வேண்டிப் பெறுகிறார். தம் பதிகத்திலும் தம்மைக் காரைக்கால் பேய் என்றே சொல்லிக்கொள்கிறார். பேயாவதற்கு அவர் சாக வேண்டியிருக்கவில்லை.

பிரேதம் என்ற வடசொல்லே தேய்ந்து பேய் ஆயிற்று என்று கருத இடமுண்டு. பாலி மொழியில் அது ‘பேத’ என்றே ஒலிக்கிறது. ஆனால் பிரேதம் என்றால் போய்விட்டவர், அதாவது இறந்தவர். பழம் பாடல்களின் பேயிடம் இல்லாதது அந்தப் பொருள்தான். தமிழில் பிரேதம் வேறு வழியில் போய்ப் பிணத்துக்குப் பெயராகிவிட்டது.

தொல்காப்பிய உரியியல் ‘பேம்’ என்பதற்கு அச்சம் என்று பொருள் சொல்கிறது. பேய் அதிலிருந்து கிளைத்திருக்கலாம். ஆனால் ஒலி ஒப்புமையை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பேம் என்பதே வடமொழிப் ‘பய’த்தின் உறவாக இருக்கக்கூடும். அதைத் தள்ளிவைத்தாலும் திராவிடச் சான்று மிஞ்சுகிறது. மலையாளத்தில் வெறிநாய் ‘பேப்பட்டி’. பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதி, தமிழ்ப் பேயோடு வெறி, மூர்க்கம் என்ற பொருளுள்ள கன்னடச் சொல்லையும் சேர்த்தே வைக்கிறது.

வெறிநாய் என்பது பேய் பிடித்த நாய்தானே, ஆவிதானே முந்தியது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான மறுப்பு. நாய்க்கு அது பொருந்தும். பேய்ச்சுரைக்கும் பேய்ப்பீர்க்குக்கும் என்ன சொல்வது? காட்டில் தானாக முளைத்து, கறிக்கு ஆகாமல் கசக்கும் கொடிகள் அவை. யாரும் அவற்றுக்கு வேப்பிலை அடித்ததில்லை. பேய்க்கு உரிய சுரை என்று பிரித்துப் பார்க்கலாம்தான். எனக்கு அது வலிந்து சொல்வதாகப் படுகிறது. கட்டுக்கு அடங்காதது, மூர்க்கமானது என்பதே அடிப்பொருள் என்று கொண்டால், பேய்மழையும் பேய்க்காற்றும் உவமை இல்லாமலே விளங்கிவிடுகின்றன. இறந்தவர்கள் இந்தச் சொல்லுக்குள் பின்னால் குடியேறியவர்கள் என்பதே என் முடிவு.