வாடகையும் தானமும்

அமெரிக்க நாட்டின் நிறவெறியைப் பற்றி ஒரு நாவலைச் சொல்லுங்கள் என்று கேட்டால், பலரும் ஹார்ப்பர் லீ அம்மையார் 1960இல் வெளியிட்ட 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலைத்தான் சொல்வர். குற்றமற்ற கறுப்பர் டாம் ராபின்சனுக்காக வெள்ளை வழக்கறிஞர் ஒருவர் வாதாடுகிறார். வெள்ளையரே நிரம்பிய ஜூரி, குற்றவாளி என்கிறது. பழி சுமத்திய பாப் யூவெல் கதையின் இறுதியில் மாள்கிறான். ஜூரியின் அநீதியை அம்மையார் மறைக்கவில்லை. ஆயினும், வாசகரின் கோபம் யூவெலோடு புதைந்துவிடுகிறது. நாம் கேட்கிறோம்: யூவெல் மாண்டான், அந்த ஜூரியை அமர்த்திய அமைப்பு மாண்டதா?

அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே, 1940இல், கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட் 'நேட்டிவ் சன்' நாவலைத் தந்தார். சிகாகோவின் தென்பகுதி. எலி ஓடும் ஒற்றை அறை. அதிலே தாய், இரு மகன்கள், ஒரு மகள். மூத்தவன் பிக்கர் தாமஸ், டால்டன் என்ற வெள்ளைச் சீமானிடம் காரோட்டியாகச் சேருகிறான்.

டால்டன் கொடியவரல்லர், கொடையாளி! கறுப்பர் கல்விக்கு வாரி வழங்குபவர். அவர்தம் இளைஞர் மன்றத்திற்கு மேசைப்பந்து ஆட மேசைகள் அனுப்பியவர். ஆனால், அந்த எலி வளைக்கு வாடகை வாங்கும் கம்பெனியும் அவர் கைப்பிடியில் இருப்பதே! கறுப்பருக்கு வேறு பகுதியில் வீடு தராதது ஏன் என்று விசாரணையில் கேட்டால், பழைய வழக்கத்தைக் காட்டுகிறார்.

பிக்கர் இரு பெண்களைக் கொல்கிறான். ரைட் அதை மூடி மறைக்கவில்லை. அவனுக்காகக் கண்ணீர் வடிக்கவும் அழைக்கவில்லை. அவன் வளர்ந்த அறையின் வாடகைக் கணக்கை நம்முன் வைக்கிறார்!

இது வெறும் கற்பனையா? அந்நாளில் சிகாகோவில், கறுப்பருக்கு வீடு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று பத்திரத்திலேயே நிபந்தனை எழுதினர். 1930களில் அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் தீட்டிய நகரப் படங்களில், கறுப்பர் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு நிறம். கடன் தர ஆபத்தான இடம் என்பது பொருள். அந்தப் பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 1948இல்தான். வீட்டு வசதியில் பாகுபாட்டைத் தடுக்கும் மத்தியச் சட்டம் வந்தது 1968இல்.

சட்டம் வந்துவிட்டதே என்பர் சிலர். பாட்டன் வாங்க விடாமல் தடுக்கப்பட்ட வீடு, பேரனுக்கு எப்படி வந்து சேரும்? 2022இல் அந்நாட்டு மத்திய வங்கி எடுத்த கணக்கின்படி, செல்வ வரிசையின் நடுவே நிற்கும் வெள்ளைக் குடும்பத்தின் சொத்து, அதே நிலையிலுள்ள கறுப்பர் குடும்பத்தின் சொத்தைப் போல் 6 மடங்குக்கும் அதிகம்!

கொடியவனைக் காட்டும் கதை நம்மை அழவைக்கும்; அமைப்பைக் காட்டும் கதை நம்மைக் கேட்கவைக்கும். டால்டன் தந்த மேசைகளை எண்ணிக் கைதட்டுவோர் தட்டட்டும். அவர் வாங்கிய வாடகைக்குக் கணக்கு எங்கே என்பதே நமது கேள்வி!