சங்கிலி மருந்தல்ல

பாலாவின் ‘சேது’ படம் 1999இல் வெளிவந்தது. தலையில் அடிபட்டுப் புத்தி பேதலித்த நாயகனை ஒரு மடத்தில் விட்டுச் சங்கிலியால் கட்டுகிறார்கள். அங்கே அவனுக்குத் தெளிவு திரும்புகிறது. அதை நம்பத்தான் ஆளில்லை. தப்பி ஓடிவந்து காதலியைப் பிணமாகக் கண்டவன், மறுபடியும் அந்த மடத்துக்கே போய்விடுகிறான். தமிழ்நாடு இதைக் காதல் தோல்விக் கதையாகப் பார்த்து அழுதது. ஆனால் தெளிந்த மனிதனைப் பைத்தியமாகவே வைத்திருந்தது அந்த மடத்தின் சங்கிலி.

கட்டி வைத்தால் பைத்தியம் தெளியும் என்பது இன்றும் பலருடைய நம்பிக்கை. அது அப்பட்டமான பொய். கட்டப்பட்டவர் சத்தம் போடாமல் கிடப்பார். பார்ப்பவர்கள் அதைக் குணம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் பேச்சுத்துணை இல்லாமல் அடைபட்டவருக்குத் தூக்கம் கெடுகிறது, பகல் இரவு குழம்புகிறது, இல்லாத குரல்கள்கூடக் கேட்கத் தொடங்குகின்றன. நல்ல மனநிலையில் சிறைக்குப் போனவர்களையே தனிமை இப்படி ஆக்கியிருக்கிறது. அதனால்தான் 2015இல் ஐ.நா. ஏற்ற மண்டேலா விதிகள், 15 நாளுக்கு மேற்பட்ட தனிமைச் சிறையைத் தடைசெய்கின்றன. கைதிக்கே ஆகாத ஒன்று நோயாளிக்கு எப்படி மருந்தாகும்?

இந்த நம்பிக்கைக்குக் கோயில்களைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் உண்டு. திருச்சியிலிருந்து முசிறி போகும் சாலையில், காவிரியின் வடகரையில் இருக்கிறது குணசீலம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயில். மனநலம் குன்றியவர்கள் அங்கே ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்குவது நெடுநாளைய வழக்கம். உச்சிக்கால பூஜையிலும் இரவு பூஜையிலும் அவர்களை உட்காரவைத்து முகத்தில் தீர்த்தம் தெளிக்கிறார்கள். நேரம் தவறாத வாழ்க்கை, நாலு பேர் நடுவில் ஓர் இடம், குணமாகும் என்று சொல்லும் மனிதர்கள்: ஆறுதல் வருவது இவற்றால்தான். தமிழ்நாட்டின் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 பேரை ஆராய்ந்த மருத்துவர்கள் 2002இல் முடிவை வெளியிட்டனர். நோயின் கடுமை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அதற்குக் காரணமாக அவர்கள் கருதியது அங்கிருந்த அரவணைப்பான சூழலை. மருந்து வேண்டாம் என்பதற்கு இது சான்றாகாது; சங்கிலிக்கும் பூட்டிய அறைக்கும் நிச்சயமாக ஆகாது.

சங்கிலி என்ன செய்யும் என்பதை ஏர்வாடி காட்டிவிட்டது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றியது. கட்டிப்போடப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்களும் நல்லதென்று நம்பித்தான் விட்டன என்பது இந்தக் கொடுமையின் இன்னொரு பக்கம்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டுவதையும் தனிமையில் அடைப்பதையும் தடைசெய்கிறது. தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் முதலில் தொடங்கியதே திருச்சியில்தான், 1997இல். புத்தூர் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இயங்குகிறது. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசுத் தொலைபேசி மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. திருச்சியிலோ ஸ்ரீரங்கத்திலோ ஒரு வீட்டுப் பின்கட்டில் யாராவது கட்டப்பட்டுக் கிடந்தால், இன்றைக்கே கட்டை அவிழ்த்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.