ஆண்டு நிறைவும் சந்திர கிரஹணமும்

ஒரு குழந்தைக்கு ஒரு வயது என்றைக்குப் பூர்த்தியாகிறது? கேள்வி மிகச் சுலபமானது என்று நேயர்கள் நினைக்கலாம். இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்து வரும் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் தங்கையின் பெண் குழந்தைக்கு ஆண்டு நிறைவு வந்தபோதுதான், அந்தக் கேள்விக்குக் குறைந்தது இரண்டு விடைகள் உண்டு என்பதும், அந்த இரண்டு விடைகளுக்கு நடுவே ஒரு குடும்பம் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கக்கூடும் என்பதும் தெரிய வந்தன.

குழந்தை பிறந்தது 2024-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 20-ந் தேதி. தமிழுக்கு ஆவணி 4. நட்சத்திரம் சதயம். இங்கிலீஷ் தேதிப்படி 2025 ஆகஸ்டு 20-ந் தேதி புதன்கிழமை பிறந்த நாள். இது என் தங்கையின் கட்சி. ஆனால் பிறந்த மாதத்தில் பிறந்த நட்சத்திரம் வரும் நாள்தான் பிறந்த நாள் என்பது பாட்டியின் கட்சி. சந்திரன் வானத்தில் ஒரு நட்சத்திரத்திலிருந்து புறப்பட்டு மறுபடியும் அங்கேயே வந்து சேர 27 நாளும் சுமார் எட்டு மணி நேரமும் ஆகின்றன. பதின்மூன்று சுற்றுக்கு 355 நாள். ஆகவே நட்சத்திரப் பிறந்த நாள் தேதிக்குப் பத்து நாள் முன்னாலேயே வந்து கதவைத் தட்டிவிடும். எங்கள் விஷயத்தில் அந்தப் பத்து நாள் ஆடி மாதத்துக்குள் போய் விழுந்தது. மாதம் மாறிவிட்டால் செல்லாது. அடுத்த சுற்று வரையில் காத்திருக்க வேண்டும். அடுத்த சதயம் ஆவணி 22, அதாவது செப்டம்பர் 7-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை.

"ஞாயிற்றுக்கிழமையா? பேஷ்!" என்று தங்கை கட்சி மாறிவிட்டாள். எல்லோருக்கும் லீவு நாள். மாப்பிள்ளைக்கும் பரம திருப்தி. அவர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் அவருக்குப் பகலும் இரவும் மாறி மாறித்தான் வரும்.

மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தங்கமான மனிதர். ஆனால் கூட வேலை செய்கிறவர் ஒருவர் தம் பிள்ளையின் முதல் பிறந்த நாளை ஒரு மண்டபத்தில் நடத்தி, மூன்று அடுக்குக் கேக்கும், பலூன் வளைவும், வந்தவர்களுக்கெல்லாம் திருப்பிக் கொடுக்கும் பரிசுமாக அமர்க்களப்படுத்தியதை அவர் பார்த்துவிட்டார். பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. குளிர்சாதன மண்டபம், இருநூறு பேருக்குச் சாப்பாடு, போட்டோ, வீடியோ என்று போட்ட கணக்கு ஒன்றே முக்கால் லட்சத்தில் வந்து நின்றது. கையில் இருந்தது முப்பதாயிரம். பாக்கிக்கு என் தங்கையின் கழுத்துச் சங்கிலியும் இரண்டு வளையல்களும் வங்கிக்குப் போவதாக ஏற்பாடு.

"முதல் குழந்தை, மச்சான். ஒரு தடவைதானே?" என்றார் என்னிடம்.

நியாயந்தான், முதல் பிறந்த நாள் ஒரு தடவைதான் வரும். ஆனால் வட்டி மாதந்தோறும் வருமே! இதை நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. தாய்மாமன் என்பவன் சீர் செய்வதற்கு ஏற்பட்டவனே தவிர, யோசனை சொல்வதற்கு ஏற்பட்டவன் அல்லன். அதிலும் வாத்தியார் யோசனை சொன்னால் அது பாடம் நடத்துவதாகிவிடும்.

நான் சொல்லாததைப் பஞ்சாங்கம் சொல்லிற்று. செப்டம்பர் 7-ந் தேதி இரவு பூரண சந்திர கிரஹணம்! இரவு 9 மணி 57 நிமிஷத்துக்குப் பிடித்து, 11 மணிக்கு முழுவதும் மறைந்து, 82 நிமிஷம் செக்கச் செவேலென்று நின்று, பின்னிரவு 1 மணி 26 நிமிஷத்துக்கு விடுவதாகக் கணக்கு. போதாக்குறைக்குக் கிரஹணம் பிடிப்பதும் சதய நட்சத்திரத்தை ஒட்டியே. அந்த நட்சத்திரக்காரர்கள் சாந்தி செய்துகொள்ள வேண்டும் என்று ஜோசியர்கள் வேறு சொல்லிக்கொண்டிருந்தார்கள். பூமியின் நிழல் சந்திரன்மேல் விழுவதால் அம்பத்தூரில் தவழ்ந்து கொண்டிருக்கும் ஒரு குழந்தைக்கு ஒன்றும் வந்துவிடாது என்று எனக்குத் தெரியும், மாப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் எண்பத்திரண்டு வயதுப் பாட்டிக்கு அதை யார் சொல்வது?

"சாயங்காலம் கூடாது. கும்பிடுகிறது, சாப்பிடுகிறது எல்லாம் பகலோடு முடிய வேண்டும்" என்று பாட்டி தீர்ப்புச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை மண்டபத்துக்கு ஓடினார். காலை வேளையை ஒரு வளைகாப்புக்காரர்கள் முன்பே எடுத்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் காலியாகவே இருந்தது. கிரஹணத்தன்று யார் கேட்பார்கள்? வாடகையைக் குறைத்துக்கொள்வதாகக்கூடச் சொன்னார்களாம். பாட்டி அசையவில்லை. அப்புறம் என்ன? வீட்டிலேயே நடத்துவது என்று முடிவாயிற்று. ராகு சந்திரனைப் பிடித்த பிடியில் என் தங்கையின் சங்கிலி தப்பிப் பிழைத்தது.

வீடு என்பது முதல் மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும். அதற்கு மேலே மொட்டைமாடி. வீட்டுக்காரர் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையில், 1965-இல் 'விஜயந்தா' டாங்கி வெளிவந்த அதே தொழிற்சாலையில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் படை நடத்துவது போலவே நடத்துவார். மாடியில் சாமியானா போடுவதற்கு அவரே கயிறு கட்டினார். ஆவணி வெயில் சாமியானாவைப் பொருட்படுத்தாது என்று கண்டதும், பந்தியைக் கீழே தம்முடைய கார் நிற்கும் இடத்துக்கு மாற்றச் சொல்லிக் காரைத் தெருவில் கொண்டுபோய் நிறுத்தினார். அழைப்பு நாற்பது பேருக்கு. இலை போட்டுச் சர்க்கரைப் பொங்கல், வடை, சாம்பார், அவியல், பாயசம். அண்டாவும் தேக்சாவும் கரண்டிகளும் வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து வந்தன.

முந்தின நாள் மாலை பாட்டி மாடிப்படியில் உட்கார்ந்து பூத் தொடுத்துக் கொண்டிருந்தார். நான் பக்கத்தில் அவரைக்காய் நறுக்கிக் கொண்டிருந்தேன். பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று, "உங்கள் காலத்தில் ஆண்டு நிறைவு எப்படிப் பாட்டி நடத்துவீர்கள்?" என்று கேட்டேன்.

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நிறைந்தால்தானே தம்பி நடத்துவதற்கு?" என்றார்.

பூந்தமல்லிக்கு மேற்கே ஒரு கிராமத்தில், 1960-களில், அவருக்கு முதலில் பிறந்த இரண்டு குழந்தைகளும் வருஷம் திரும்புவதற்குள் போய்விட்டன. ஒன்று ஏழாம் மாதம். மற்றொன்று பதினோராம் மாதம். இரண்டுக்கும் பேதி. வயிறு போகும் குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று பெரியவர்கள் சொன்னார்கள், கொடுக்கவில்லை. "நாக்கை நாக்கை நீட்டிற்று, தம்பி. நான் கொடுக்கவில்லை" என்றார். மூன்றாவது பிழைத்தது. அதற்கு ஆண்டு நிறைவு செய்யப் பயம். மாதத்தை எண்ணினால்கூடக் கண் பட்டுவிடும் என்று எண்ணாமலே வளர்த்தாராம். இந்தக் கொள்ளுப்பேத்திக்கும், "எத்தனை மாதம்?" என்று யாராவது கேட்டால் பாட்டி சட்டென்று பேச்சை மாற்றுவதை நான் பல தடவை கவனித்திருக்கிறேன். கிழவிக்குக் காது மந்தம் என்று நினைத்திருந்தேன்.

பிறகு அந்த இரண்டு குழந்தைகளின் பெயரையும் சொன்னார். அவற்றை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

1971-ஆம் வருஷத்தில்கூட நம் தேசத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் முதல் வருஷத்தைத் தாண்டவில்லை. 2020-ஆம் வருஷக் கணக்குப்படி தேசம் முழுவதற்கும் அது 28; தமிழ்நாட்டில் 13. இந்த எண்களை வகுப்பில் எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து பூத் தொடுப்பவர் அந்த எண்ணுக்குள் இருப்பார் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

அதே 1971-இல்தான் வங்காள எல்லையில் போன்காவ் அகதி முகாமில் காலராவால் ஜனங்கள் மடிந்துகொண்டிருந்தபோது, டாக்டர் திலீப் மஹலானபிஸ், நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோன நிலையில், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரையில் இறந்துகொண்டிருந்த முகாமில் சாவு நாலுக்கும் கீழே இறங்கிற்று. குடலில் சர்க்கரை இழுக்கப்படும்போது உப்பும் அதோடு தண்ணீரும் சேர்ந்து உள்ளே போகின்றன, அவ்வளவுதான் ரகசியம். இப்போது சுகாதார நிலையங்களில் அந்தப் பொட்டலம் இனாமாகவே கிடைக்கிறது. பொட்டலம் இல்லாத வேளையில் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். அந்த டாக்டர் 2022-இல் காலமானார். மறு வருஷம் பத்ம விபூஷண் விருது அவர் பெயருக்கு வந்தது. பாட்டியின் கிராமத்துக்கு அந்த உப்பு நீர் சில வருஷங்கள் தாமதமாக வந்துவிட்டது.

இரவு மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னேன். அவருக்கும் இது தெரியாதாம்; சொந்தப் பாட்டி! அவர் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு விடிவதற்கு முன்னே திருவேற்காடு. பிற்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்று ஊர் முழுவதும் விடியற்காலையிலேயே வந்து நின்றது. கருமாரியம்மன் சந்நிதியில் மொட்டை. பிறகு வீட்டில் என் மடியில் உட்கார்த்திக் காது குத்தல். பத்தர் கெட்டிக்காரர், ஒரு காது முடிந்ததைக் குழந்தை உணர்ந்து அழ ஆரம்பிப்பதற்குள் இரண்டாவதும் முடிந்துவிட்டது. அழுதது என்னவோ என் தங்கைதான்.

கேக் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு, சிறியது. குழந்தைக்கு இரண்டு வயது வரையில் சர்க்கரை சேர்க்காமலிருப்பதே நல்லது என்று குழந்தை வைத்தியர்கள் சொல்வதால், அதற்குக் குழைந்த சாதமும் மசித்த வாழைப்பழமும். மெழுகுவத்தியை ஊதி அணைக்கும் நேரம் வந்ததும் பாட்டி, "விளக்கை ஏன் அணைக்க வேண்டும்?" என்றார். யாருக்கும் பதில் தெரியவில்லை, அணைக்காமலே விட்டோம். அது தானாக எரிந்து கேக்கின் மேலேயே உருகிற்று. பலூன்களைக் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டியிருந்தது. வெடித்த பலூன் துண்டு பிஞ்சுத் தொண்டையை அடைத்தால் எடுப்பது மிகவும் கஷ்டம்.

மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரியாக்காரர் கம்பெனியில் இருக்கிறார். 1998 முதல் அங்கே ஹூண்டாய் கார்கள் தயாராகி வருவதால் கொரியா தேசத்துப் பழக்கங்களும் நம் பக்கத்துக்கு ஓரளவு தெரிய வந்திருக்கின்றன. அங்கே முதல் ஆண்டு நிறைவு பெரிய பண்டிகை. குழந்தைக்கு முன்னால் நூல், எழுதுகோல், பணம் முதலியவற்றைப் பரப்பி வைப்பார்கள். நூலை எடுத்தால் தீர்க்காயுசு. நூறாவது நாளுக்கும் தனி விழா உண்டு. குழந்தை பிழைக்குமோ என்று நாளை எண்ணிய தேசம் நம்முடையது மட்டும் அல்ல. நண்பர் சொன்னபடி நாங்களும் ஒரு பாயில் நூல்கண்டு, பேனா, பத்து ரூபாய் நோட்டு, மாப்பிள்ளையின் ஸ்பானர் ஆகியவற்றைப் பரப்பினோம். குழந்தை எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாயைத் தாண்டித் தவழ்ந்துபோய்ப் பாட்டியின் இடுப்பிலிருந்த சுருக்குப் பையைப் பிடித்து இழுத்தது. கொட்டைப்பாக்கு ஒன்று உருண்டு வெளியே வந்தது. அது வாய்க்குப் போவதற்குள் பாட்டி பாய்ந்து பிடுங்கிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே!

அப்புறம் குழந்தையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, வந்திருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி, "ஒரு வயது ஆகிவிட்டதடி உனக்கு!" என்றார்.

கடைசிப் பந்தி ஒன்றரை மணிக்கு எழுந்தது. மூன்று மணிக்குக் குழந்தை தூங்கிவிட்டது. பாட்டியும் பக்கத்திலேயே தூங்கிவிட்டார். கிரஹணத்துக்காகக் கடையைச் சீக்கிரம் மூடவேண்டும் என்று பாத்திரக் கடைக்காரர் நாலு மணிக்கே வண்டியோடு வந்து நின்றார். எண்ணிப் பார்த்ததில் அண்டாக்கள் சரி, தேக்சாக்கள் சரி; கரண்டிதான் ஒன்று குறைந்தது. அதற்கு எண்பது ரூபாய் என் கையிலிருந்து கொடுத்தேன்.