வில்லங்கம் பார்த்தீங்க, வெள்ளம் பார்த்தீங்களா?

போன மாதம் என் நாத்தனார் குடும்பத்தோடு தாம்பரம் பக்கம் மனை பார்க்கப் போயிருந்தேன். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் சுத்தம். அட்வான்ஸுக்காக நாத்தனாரின் வளையலைக்கூட அடகு வெச்சாச்சு. "2015-ல இங்க எவ்வளவு தண்ணி நின்னுது?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். புரோக்கர் பேச்சை மாற்றினார். 'நல்ல காரியத்துக்கு வந்த இடத்துல அபசகுனமா பேசறியே' என்று என் வீட்டுக்காரர் முறைத்தார். தெருமுனையில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாதான் இடுப்பைத் தொட்டுக் காட்டினார்!

வில்லங்கச் சான்று, இடத்தை யார் யாருக்கு விற்றார், கடன் இருக்கிறதா என்றுதான் சொல்லும். தண்ணீர் வருமா என்று சொல்லாது. தி.நகரே 1920-களில் மாம்பலம் ஏரியை வற்ற வைத்து உருவாக்கியதுதான். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக்கைத்தான் காணோம்.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தபோது அடையாறு கரை தாண்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் மறுபடியும் மிதந்தன. மழைநீரைத் தாங்கிக்கொண்ட பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022-ல் ராம்சர் அந்தஸ்து கிடைத்தது. ஆனால் அதற்குள் பெரும்பகுதி கட்டடமாகிவிட்டதே!

சட்டம் இல்லாமல் இல்லை. அங்கீகாரம் இல்லாத மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் வந்த திட்டத்தில்கூட, நீர்நிலையில் உள்ள மனைகளுக்கு இடமில்லை. தண்ணீர் தேங்கும் பகுதியில் லே-அவுட் போட, நீர்வளத் துறையிடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். பெரும்பாலும், 'இத்தனை உயரத்துக்கு மண் கொட்டு' என்று நிபந்தனை போடுவார்கள். மனை உயர்ந்துவிடும், சரி. தண்ணீர் எங்கே போகும்? பள்ளமாக நிற்கும் பழைய தெருவுக்குத்தான். அங்கே இருக்கிறவங்க பாவம் இல்லையா? விதி ஒவ்வொரு மனையாகப் பார்க்கிறது, தண்ணீரோ ஊரையே பார்க்கிறது. இதுதான் கோளாறு.

அங்கீகார வரைபடத்திலேயே '2015-ல் இங்கு இத்தனை அடி தண்ணீர் நின்றது' என்று அச்சடித்துத் தரச் சொல்லி அரசை நாம் கேட்க வேண்டும். அதுவரை நாமே விசாரிப்போம். 'அ' பதிவேட்டில் நிலத்தின் வகையைப் பாருங்கள். பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஏற்கெனவே வீடு வாங்கிவிட்டவர்கள், 2021-ல் வந்த பாரத் கிருஹ ரக்ஷா இன்ஷூரன்ஸ் பற்றிக் கேட்டுப் பாருங்கள். வெள்ளச் சேதமும் அதில் அடக்கம்.

நாத்தனார் அந்த மனையை விட்டுவிட்டார். இப்போது பார்ப்பது தூரம், விலையும் கூட. அதற்கு எனக்கு ஆயிரம் பேச்சு! பரவாயில்லை. இடுப்பளவு தண்ணியில பிள்ளைங்களைத் தூக்கிட்டு நிற்கிறதை விட, பேச்சு வாங்குறது மேல். என்ன தோழிகளே, நான் சொல்றது சரிதானே?

- ஓர் இல்லத்தரசி, சென்னை.